காடும் கரும்பும்

மடகாசுகருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்த சிறு தீவு மொரீசியசு. அங்குச் செல்லும் பயணிகளுக்கு ஒருநாள் காட்டையும் மறுநாள் பழைய தோட்ட மாளிகைகளையும் காட்டுகின்றனர். இயற்கை வேறு, வரலாறு வேறு என்பது போன்ற இப்பிரிவு பொருந்தாது என்பதே என் கருத்து.

1598-இல் டச்சுக்காரர் கரையிறங்கியபோது அத்தீவில் மக்கள் குடியிருக்கவில்லை, காடே நிறைந்திருந்தது. அவர்கள் கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர், கரும்பையும் கொணர்ந்தனர். நூறாண்டு முடிவதற்குள், பறக்க இயலாத டோடோ பறவை அடியோடு அழிந்தது. பின்னர் ஆண்ட பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கரும்புத் தோட்டங்களைப் பெருக்கினர்.

கரும்புக்கு நிலம் வேண்டியிருந்தது, காடு அழிந்தது. உழைக்கக் கைகள் வேண்டியிருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாசுகரிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. அவர்களுக்கு மாற்றாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் என்னும் படித்துறை, போர்ட் லூயி நகரில் இன்றும் உள்ளது. காட்டின் அழிவுக்கும் மனிதரின் துயருக்கும் காரணம் ஒன்றே.

அவ்வாறாயின் மாளிகைகளை இடித்துவிடலாமா எனச் சிலர் வினவக்கூடும். இடித்தல் வேண்டா, அவையும் வரலாற்றுச் சான்றுகளே. ஆயினும், மாளிகையில் வாழ்ந்தவரைப் போற்றிவிட்டு, வெயிலில் கரும்பு வெட்டியவரை மறப்பது பாதி வரலாறே ஆகும்.

இழப்பை உணர்ந்தால்தான் மீட்பு பிறக்கும். 1974-இல் மொரீசியசு வல்லூறுகளுள் நான்கு மட்டுமே காட்டில் எஞ்சியிருந்ததாக அறியப்பட்டது. அறிஞர்கள் அவற்றின் முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்த்துக் காட்டில் விட்டனர், அவ்வினம் பிழைத்தது. 1994-இல் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பறவைக்குக் காட்டிய அக்கறையை உழைத்த மனிதரின் நினைவுக்கும் காட்டுதல் வேண்டும்.

அதற்கு லெ மோர்ன் மலையே வழிகாட்டி. தப்பியோடிய அடிமைகளுக்கு அம்மலையின் குகைகளே புகலிடமாயின. 2008-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கு மலையின் அழகையும் மனிதரின் விடுதலை வேட்கையையும் பிரித்துக் காண இயலாது. தீவு முழுவதையும் அவ்வாறே காணுதல் வேண்டும். காட்டுக்குச் செல்பவர் கரும்பின் கதையையும், மாளிகைக்குச் செல்பவர் படித்துறையின் கதையையும் கேட்டறிதல் நன்று.