எட்டு வாக்குகள்

ஐக்கிய அமெரிக்காவிலே, கனடா நாட்டின் எல்லைக்கு அண்மையிலுள்ள மலைகளுக்கிடையே டிக்ஸ்வில் நொட்ச் என்றொரு சிற்றூர் உண்டு. அது நியூ ஹம்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள வாக்காளரை எண்ணுவதற்கு அண்மைக் காலத்தில் இரு கை விரல்களே போதியனவாயிருந்தன. தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலே அவர்கள் ஓரிடத்திற் கூடி வாக்களிப்பர். பதிவு பெற்றோர் யாவரும் வாக்களித்து முடிந்தாற் சாவடியை மூடிவிடலாம் என அம்மாநிலச் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே நாடு உறங்கிக்கொண்டிருக்கும்போதே அவ்வூரின் பெறுபேறு வெளியாகிவிடும். 1960ஆம் ஆண்டிலே தொடங்கிய வழக்கம் இது. குளிர்காலத்தில் அவர்களுக்கு நள்ளிரவாகும்போது நமக்கு முற்பகல் பத்தரை மணி. பாடசாலை இடைவேளையில் தேநீர் அருந்தியவாறே அமெரிக்காவின் முதற் செய்தியை அறிந்துகொள்ளலாம்.

அறிந்தென்ன? 2008ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி ஜனநாயகக் கட்சியின் போட்டியிலே அவ்வூர் ஒபாமாவுக்கு 7 வாக்குகளும் எட்வேட்ஸுக்கு 2 வாக்குகளும் ரிச்சட்சனுக்கு 1 வாக்கும் அளித்தது. ஹிலாரி கிளின்டன் அம்மையாருக்கு ஒன்றேனும் இல்லை. அன்றிரவு மாநிலம் முழுவதும் எண்ணியபோது வென்றவர் அம்மையாரே! 2024ஆம் ஆண்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. குடியரசுக் கட்சிப் போட்டியில் ஊரின் ஆறு வாக்குகளும் நிக்கி ஹேலிக்கு. மாநிலத்திலே நூற்றுக்கு 54 வீதம் டிரம்புக்கு. ஆயினும் அடுத்த முறையும் செய்தியாளர்கள் அம்மலைக்கு ஏறுவர். நாமும் கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்போம். முதலில் வருவதிற் செவியைக் கொடுப்பது மனித இயல்பு போலும்.

மாணவ நேயர்களுக்காக ஒரு விளக்கம். அந்நாட்டிலே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகரைத் தெரிந்துகொள்ளப் பூர்வாங்கத் தேர்தல்களை நடாத்துகின்றது. நம் நாட்டிற் போல வாக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. மாநிலம் மாநிலமாக, தை மாதத்தில் அல்லது மாசியிலே தொடங்கி ஆனி வரையும் நீளும். நம் நாட்டிலும் தபால் வாக்குகளின் பெறுபேறே முதலில் வரும். தேர்தற் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்களாகிய எமது வாக்கும் அதனுள் அடங்கும். ஆனால் இங்கே தபால் வாக்கின் பெறுபேற்றைக் கேட்டு எவரும் தம் வாக்கை மாற்றிக்கொள்ள முடியாது. எல்லாரும் வாக்களித்து முடித்துவிட்டனர். அங்கேயோ முதல் மாநிலத்தின் முடிவைக் கேட்ட பின்னரே மற்றைய மாநிலத்தார் வாக்களிக்கின்றனர். அம்முடிவைக் கேட்ட பின்னரே செல்வந்தர் பணம் கொடுக்கின்றனர். பத்திரிகைகள் எவரைப் பின்தொடர்வதெனத் தீர்மானிக்கின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி, சின்னஞ்சிறு மாநிலமொன்றின் எண்ணிக்கைக்காக ஒரு தேசமே விழித்திருப்பதன் காரணம் விளங்காது.

தோற்றவர் வென்றவராகக் கொள்ளப்படுவதும் அங்கே உண்டு. 1968ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி நியூ ஹம்ஷயரில் ஜனாதிபதி ஜோன்சனை எதிர்த்து நின்றவர் யூஜின் மக்கார்தி என்னும் செனற்றர். வியட்நாம் போரை நிறுத்த வேண்டுமென்பது அவர் கோரிக்கை. ஜோன்சனின் பெயர் வாக்குச் சீட்டில் அச்சிடப்படவில்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதியே வாக்களித்தனர். அவ்வாறிருந்தும் அவருக்கு நூற்றுக்கு 49 வீதத்துக்கு மேல் கிடைத்தது. மக்கார்திக்கு 42 வீதம். எண்கணிதப்படி வென்றவர் ஜோன்சன். ஆனால் இருபது வீதமேனும் பெறுவாரோ என எண்ணப்பட்டவர் நாற்பதைத் தாண்டினார் என்பதே அன்று செய்தியாயிற்று. நான்கு நாட்களில் ரொபேட் கென்னடி களத்திற் குதித்தார். அம்மாத இறுதி நாளிலே, தாம் இனிப் போட்டியிடப் போவதில்லை என ஜோன்சன் அறிவித்தார். இது பத்திரிகைகள் செய்த மாயம் என்பாரும் உளர். அது எமக்கு உடன்பாடன்று. ஆட்சியிலிருக்கும் ஜனாதிபதியைத் தம் கட்சியாரிலேயே பத்துப்பேரில் நால்வர் வேண்டாமென்பது மாயமன்று, உண்மையான சேதியே.

எண்ணே பிழையாயிருந்தால் என்ன செய்வது? இதனை நாம் எமது வகுப்பறையிலேயே அனுபவித்தோம்.

2012ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி இரவு அயோவா மாநிலத்திலே குடியரசுக் கட்சியாரின் வட்டாரக் கூட்டங்கள் நடைபெற்றன. பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் அயலவர் கூடி, கடதாசித் துண்டிலே பெயரை எழுதிக் கொடுப்பர். மொத்தம் 1,774 வட்டாரங்கள். இரவிரவாக மிட் ரொம்னியும் ரிக் சன்டோரமும் மாறி மாறி முன்னே நின்றனர். நமக்கு மறுநாள் நண்பகல் கழிந்த வேளையிலே முடிவு கிடைத்தது. ரொம்னி 30,015; சன்டோரம் 30,007. எட்டே எட்டு வாக்குகள்!

அப்பொழுது உயர்தர வகுப்பிற்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தோம். இதனைவிடச் சிறந்த உதாரணம் வேறேது? கரும்பலகையில் இரு எண்களையும் பெரிதாக எழுதி, கீழே 8 என எழுதி, அதனைச் சுற்றி ஒரு வட்டமும் இட்டோம். “ஒரு வீட்டார் வாக்களிக்கச் செல்லாது விட்டிருந்தாலும் வரலாறு மாறியிருக்கும்” என்று உரத்த குரலிற் கூறியதும் நினைவிலிருக்கிறது. மாணவர்கள் ஆர்வத்துடன் எழுதிக்கொண்டனர். அவ்வாண்டு நாம் கற்பித்த பாடங்களில் அதுவே சிறந்ததென்று வீட்டிலும் பெருமையடித்துக்கொண்டோம்.

ரொம்னி வென்றவர் என்ற பெயருடன் நியூ ஹம்ஷயர் சென்று 10ஆம் திகதி அங்கும் வென்றார். பதவியிலிராத ஒருவர் இரு மாநிலங்களையும் ஒருங்கே கைப்பற்றுவது குடியரசுக் கட்சியில் 1976ஆம் ஆண்டிற்குப் பின் இதுவே முதன்முறை எனப் பத்திரிகைகள் எழுதின. இடையே நமக்குத் தைப்பொங்கல் வந்து போயிற்று. 19ஆம் திகதி அயோவாக் கட்சியார் அத்தாட்சிப்படுத்திய எண்ணிக்கையை வெளியிட்டனர். சன்டோரம் 29,839; ரொம்னி 29,805. சன்டோரம் 34 வாக்குகளால் முன்னே! எட்டு வட்டாரங்களின் பத்திரங்கள் கிடைக்கவேயில்லை. முதலில் எவரையும் வென்றவரெனக் கூறத் தயங்கிய கட்சியார், பின்னர் சன்டோரமே வென்றார் என்றனர்.

அந்த மனிதர் அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் நேரிற் சென்று, சில வேளைகளில் ஒரு சிலரே வந்திருந்த கூட்டங்களிலும் பேசியவர். அவருக்குரிய வெற்றி இரவு தொலைக்காட்சியில் வேறொருவருக்குப் போய்விட்டது. உண்மை வெளியானபோது நாட்டின் கண்கள் தென் கரோலினாவை நோக்கியிருந்தன. அங்கு இரு நாட்களில் வாக்கெடுப்பு. பதினாறு நாள் பிந்தி வந்த வெற்றியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஏப்ரல் 10ஆம் திகதி போட்டியிலிருந்து விலகினார். முதலிரவே அவர் பெயர் கூறப்பட்டிருந்தாற் கட்சி அபேட்சகராகியிருப்பாரென நாம் சொல்லத் துணியோம். ஆனால் நியூ ஹம்ஷயருக்கு அவர் வேறொரு மனிதராகச் சென்றிருப்பார்.

செய்தி வந்ததும் நாமும் வகுப்பிலே திருத்தினோம். கடைசி வாங்கிலிருந்து ஒருவன், “சேர், அந்த எட்டு வாக்கும் எங்கே போயின?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. 34 என்று எழுதி, இம்முறை வட்டம் இடாமல், அடுத்த பாடத்திற்குச் சென்றோம்.

முதலாந் தவணைப் பரீட்சையில் ஒரு சிறு வினா வைத்திருந்தோம்: அயோவாவில் வென்றவர் யார்? பாதிக்கு மேற்பட்டோர் ரொம்னி என்றே எழுதியிருந்தனர். சிலர் அடைப்புக்குறிக்குள் 8 என்றும் குறித்திருந்தனர். திருத்திக் கூறிய நாளில் அவர்கள் வகுப்பில் இருந்தவர்களே. சிவப்பு மையாற் பிழையென அடையாளமிடும்போது எமது கை சற்றுத் தயங்கியது. அவர்கள் எழுதியது எமது வாயினின்று கேட்டதையே அல்லவா? சன்டோரம் என எழுதியோருக்குப் புள்ளி வழங்கினோம். கடைசி வாங்குக்காரன் மட்டும், “இன்னும் முடிவாகவில்லை” என எழுதியிருந்தான். குறும்பென்று கருதிப் பூச்சியம் இட்டோம்.

ஆவணி மாத இறுதியிலே தாம்பா நகரிற் கட்சியின் மகாநாடு கூடியது. தை மாத இரவின் வாக்கு எந்தப் பிரதிநிதியையும் கட்டுப்படுத்துவதன்று. பிரதிநிதிகள் பின்னர் மாவட்டக் கூட்டங்களிலும் மாநில மகாநாட்டிலும் படிப்படியாகத் தெரிவாயினர். மற்றையோர் வீட்டிற்குப் போன பின்னரும் கூட்டங்களில் விடாது அமர்ந்திருந்தவர்கள், அன்று மூன்றாம் இடம் பெற்ற ரொன் போலின் ஆதரவாளர்கள். மகாநாட்டிலே அயோவாவின் 28 வாக்குகளில் 22 ரொன் போலுக்கே அளிக்கப்பட்டன.

அச்செய்தியை நாம் படித்த நாட்களில் அந்த மாணவன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். தவணைப் புள்ளிகள் முன்னேற்ற அறிக்கையிற் பதிவாகி, தந்தையாரின் கையொப்பமும் பெற்று, நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன.