அந்தக் குதிரைப் படத்தை இனி அனுப்பாதீர்கள்



குடும்பக் குழுவில் இந்த மாதமே மூன்றாவது முறை. டென்மார்க் அரசர் பத்தாம் கிறிஸ்டியன் மஞ்சள் நட்சத்திரம் அணிந்து குதிரையில் வந்தாராம், நாடே அவர் வழியில் போனதாம், யூதர்கள் பிழைத்தார்களாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அது நடக்கவே இல்லை. டென்மார்க்கில் அந்த நட்சத்திரத்தை அணியச் சொல்லி ஜெர்மானியர் உத்தரவே போடவில்லை. அரசர் நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் யூதர்களைக் காப்பாற்றியது குதிரை அல்ல.

1943 செப்டம்பர் கடைசியில், கைது நடக்கப்போகும் செய்தியைக் கசியவிட்டவர் டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி. எதிரி முகாம் ஆள்! 29ஆம் தேதி காலை, கோபன்ஹேகன் யூத ஆலயத்தில் ரபி மெல்கியோர் கூடியிருந்தவர்களிடம், உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் டெலிபோன் டைரக்டரியில் யூதப் பெயர்களாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போய் எச்சரித்தார். பிஸ்பெபியர் மருத்துவமனையில் பொய்ப் பெயர்களில் நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நர்ஸ்கள் தங்கள் குடியிருப்பிலேயே ஒளித்து வைத்தார்கள். பிறகு மீன்பிடிப் படகுகள். சில வாரங்களுக்குள் 7,000 பேருக்கு மேல் கடல் தாண்டி சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள்.

"மீனவர்கள் காசு வாங்கினார்களே டீச்சர்" என்று போன முறை ஒருவர் எழுதினார். வாங்கினார்கள். சிலர் அநியாயமாகவே வாங்கினார்கள். பிடிபட்டால் படகும் போகும், ஆளும் உள்ளே போவார். கையில் இல்லாதவர்களுக்குப் பிறர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்கியதால் கரைசேர்ந்த குழந்தை கரைசேரவில்லை என்று ஆகிவிடுமா?

எல்லோரும் தப்பவும் இல்லை. கில்லெலையே என்ற ஊரில் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் பிடிபட்டார்கள்.

எனக்குக் கோபம் ஏன் தெரியுமா? ராஜா கதை நமக்கு வசதியாக இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் முன்னால் போகட்டும், அதுவரை நாம் கைகட்டி நிற்கலாம் என்று அது அனுமதி கொடுக்கிறது. அந்த ஓட்டுநர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. டைரக்டரி எல்லார் வீட்டிலும்தான் இருந்தது.

பேரப்பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். குதிரைப் படம் மறுபடி வந்தால், அனுப்பியவர் என் தம்பியே ஆனாலும், இந்தப் பதிவைத்தான் பதிலாக ஒட்டுவேன்.