பக்கத்து வீட்டு வாசம்

"பக்கத்து வூட்டுல ஏதோ செத்துக் கெடக்குது கண்ணு. கேட்டா இவன் பேசமாட்டேங்கறான்."

போன வருஷம் பிப்ரவரியில் டொரான்டோ போய் இறங்கிய மறுநாள் காலை, நண்பனின் அம்மா என்னிடம் சொன்ன முதல் செய்தி இதுதான். அம்மாவுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். வெளியே பனி கொட்டுகிறது, ஜன்னலைத் திறக்க முடியாது, வீட்டுக்குள்ளே இந்த நாற்றம்.

"எதுவும் சாகலைம்மா. அந்தப் பையன் கஞ்சா வளர்க்கறான்" என்றான் நண்பன், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே.

அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "போலீஸு?"

"வராது. இங்கே சட்டப்படி வளர்க்கலாம்."

ஆமாம் பாஸ், வளர்க்கலாம். கனடாவில் 2018 அக்டோபர் 17-லிருந்து ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை அனுமதி. ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கே நாலு. க்யூபெக் மாகாணமோ 'எங்க ஊர்ல வீட்டில் வளர்க்கவே கூடாது' என்று தடை போட்டது. அந்தத் தடை செல்லும் என்று 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பினால் ஓ.கே.

அவசரப்பட வேண்டாம். நம்ம ஊரில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான். பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஆகவே இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு யாரும் ஓட வேண்டாம். நான் சொல்ல வந்தது செடியைப் பற்றியே இல்லை. ஒரு சுவர், அதன் இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள், அதைத் தாண்டி வந்த வாசம்... இதுதான் மேட்டர்.

நண்பன் செம கடுப்பில் இருந்தான். வீட்டுக்காரருக்குப் புகார் மெயில் ரெடி, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கே இது சின்ன விஷயம் இல்லை. ஒரு குடித்தனக்காரர் இன்னொருவர் நிம்மதியாக வாழ முடியாதபடி தொந்தரவு கொடுத்தால், காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் விடலாம். ஏழு நாளைக்குள் தொந்தரவை நிறுத்தினால் நோட்டீஸ் செல்லாது. நிறுத்தாவிட்டால் கேஸ், விசாரணை, கடைசியில் பெட்டி படுக்கையோடு வெளியே. அந்தப் பையன் கடைசி செமஸ்டர் படிக்கிற யுனிவர்சிட்டி மாணவன். டொரான்டோ வாடகை தெரிந்தவர்களுக்கு, படிப்பு நடுவில் வீடு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மெயிலெல்லாம் அப்பறம். மொதல்ல போயிக் கதவைத் தட்டிச் சொல்லிப் பாரு சாமி" என்றார் அம்மா. "ஊருல நாய் கொலைச்சாக்கூட நேர்ல சொல்லிப்போட்டுத்தானே மத்ததெல்லாம்?"

தட்டினோம். திறந்தவனுக்கு 22 வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போய்விட்டது. "வாசம் வருதா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

புளுகு என்று நினைத்தேன். இல்லை. மூக்கு ஒரு வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். நம் ஹாஸ்டல் ரூம் ஷூ நாற்றம் நமக்குத் தெரியாது, வார்டன் உள்ளே வந்தால்தான் தெரியும். அதே கதை.

இந்த வாசம் ஏன் இவ்வளவு ஊரைக் கூட்டுகிறது? போதை தருகிற டிஹெச்சி என்ற சரக்குக்கு வாசமே கிடையாது. மணப்பதெல்லாம் டெர்பீன்கள். எலுமிச்சைத் தோலில் இருக்கிற லிமோனீன், பைன் மரத்துப் பைனீன், மிளகில் இருக்கிற கேரியோஃபிலீன். இதுவரை கேட்டால் ரசம் வைக்கலாம் போல இருக்கிறது. வில்லன் வேறு. செத்த பிராணி மாதிரி அடிக்கிற அந்த வாடை கந்தகம் கலந்த தயால் வகைப் பொருட்களால் வருகிறது என்று 2021-ல்தான் ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்துக் காட்டினார்கள். நம் சமையல் கேஸுக்கு இயற்கையாக வாசம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிற நாற்றப் பொருளும் இதே குடும்பம்தான். காற்றில் துளியூண்டு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். செடி பூத்து முற்றுகிற கடைசி வாரங்களில் இது உச்சத்துக்குப் போகும். பையனின் செடிகளுக்கு அது ஏழாவது வாரம்.

சரி, ஃபில்டர் போட்டால் என்னவாம்? இதைக் கேட்டபோதுதான் கதை திரும்பியது.

"ஃபில்டர் இருக்கு. ராத்திரியில நிறுத்திடுவேன்" என்றான்.

"ஏன்?"

தயங்கினான். "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி நீங்க சுவத்துல தட்டினீங்க, சத்தம் தாங்கலைன்னு. குழந்தை அழுதுச்சு. அன்னையிலிருந்து பத்து மணிக்கு மேல ஃபேனைப் போடறதில்லை."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். சத்தம் போடாதே என்று சொன்னதால்தான் நாற்றமே வந்திருக்கிறது! தட்டியதையே இவன் மறந்துவிட்டிருந்தான். அவன் மறக்கவில்லை.

நாங்கள் இருவரும் மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் சேர்ந்தே அரியர் வைத்தவர்கள். சனிக்கிழமை மதியம் ஸ்க்ரூ டிரைவரோடு போனோம். அம்மாவும் கூட வந்தார், கையில் ஊதுபத்தி பாக்கெட்டோடு. நாற்றத்துக்கு ஏற்றிவைக்கலாம் என்ற நல்லெண்ணம்தான். (பையன் ஏற்கெனவே அதைச் செய்து பார்த்திருந்தான். கஞ்சா வாசம் பிளஸ் சந்தன வாசம்! ரூம் ஸ்ப்ரேயும் அப்படித்தான், மூடுமே தவிரப் போக்காது.)

ஒரு அலமாரிக்குள் 80 சென்டிமீட்டர் நீளம், 80 அகலம், 160 உயரத்தில் ஜிப் வைத்த கறுப்புக் கூடாரம். உள்ளே எல்இடி விளக்கு, நாலு செடி. அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்ன, புளிச்சக்கீரையாட்ட இருக்குது!" உண்மையிலேயே இலை அப்படித்தான் இருந்தது.

முதல் தப்பு, ஃபேன். ஆறு இஞ்ச் குழாய் ஃபேன், முழு வேகத்தில் மணிக்கு 600 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கிற ராட்சசன். கூடாரத்தின் கொள்ளளவோ ஒரு கன மீட்டர்தான். நிமிஷத்துக்கு ஒரு தரம் காற்று மாறினால் போதும், அதாவது மணிக்கு 60. 'முழு வேகம் வைத்தால் முழுச் சுத்தம்' என்று அவன் குமிழைக் கடைசி வரை திருகி வைத்திருந்தான். உண்மை நேர் எதிர். காற்று மெதுவாகப் போனால்தான் ஃபில்டரில் இருக்கிற கரியோடு அதிக நேரம் உரசும், வாசம் நன்றாகப் பிடிபடும். சத்தமும் அங்கேதான் அடங்குகிறது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஆக, பெரிய ஃபேன் வாங்கி மெதுவாக ஓட்டுபவன் புத்திசாலி. சின்ன ஃபேனைக் கதற விடுகிறவன் அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். இவன் பாவம், சரியான பொருளை வாங்கித் தப்பாக ஓட்டியிருக்கிறான். இதிலும் ஒரு கண்டம் உண்டு. எல்லா ஃபேனையும் கண்ட ரெகுலேட்டரில் குறைக்க முடியாது. நம்ம வீட்டுச் சீலிங் ஃபேனை ஒன்றில் வைத்தால் 'ம்ம்ம்' என்று முனகுமே, அது வரும். அவனுடைய ஃபேன் தன் குமிழோடு வந்தது, தப்பித்தோம்.

இரண்டாவது தப்பு, அது உட்கார்ந்திருந்த இடம். மரத் தரையில், பொதுச் சுவரை ஒட்டி. ஃபேனின் அதிர்வு காற்றில் வந்ததைவிடச் சுவர் வழியாகத்தான் நண்பன் வீட்டுத் தொட்டில் வரை வந்திருக்கிறது. தூக்கிக் கூடாரத்துக்குள் மேலே கட்டித் தொங்கவிட்டோம், ரப்பர் கயிற்றில். இரும்புக் கம்பியில் கட்டினால் அதிர்வு அதன் வழியே இறங்கிவிடும். ஃபேனுக்குப் பின்னால் பஞ்சு சுற்றிய வளைகிற குழாய். குழாயை முழங்கை மாதிரி மடக்காமல் அகலமாக வளைத்தோம். மடக்கினால் காற்று அங்கே விசில் அடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஃபில்டர் உள்ளே, ஃபேன் அதன் வழியாக இழுத்து வெளியே விட வேண்டும். அப்போதுதான் கூடாரத்துக்குள் அழுத்தம் குறைந்து, ஓட்டை எங்கே இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், வாசம் வெளியே வராது. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் அழுத்தம் போயிற்று. வாசம் ஜிப் வழியாகக் கசிந்து, ஸ்விட்ச் போர்டு ஓட்டை, குழாய்ச் சந்து, கதவு இடுக்கு என்று குடியேற ஆரம்பிக்கும். அடுக்குமாடி வீட்டில் சுவர் நாம் நினைக்கிற அளவு சுவர் இல்லை. மெதுவாக ஓடினாலும் போதும், நிற்கக் கூடாது. பத்து மணிக்கு ஃபேனை நிறுத்திய இவனுடைய மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்திருந்தது.

காற்று சரியாகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அம்மாவின் ஊதுபத்தி! ஏற்றி ஜிப் ஓரமாகப் பிடித்தோம். புகை நூல் மாதிரி உள்ளே இழுபட்டது. ஒரு மூலையில் மட்டும் சரியாக இழுபடாமல் தடுமாறியது. அங்கே ஒரு குழாய் ஓட்டையைக் கட்டாமல் விட்டிருந்தான். கட்டினோம். "பாத்தியா, ஊதுபத்தி வேணும்னு சொன்னனில்ல" என்றார் அம்மா.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னோம். செடி விடுகிற ஈரம் கூடாரத்தில் 70 சதவீதத்தைத் தாண்டினால் கரியின் துளைகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வாசத்துக்கு இடம் இருக்காது. அறுத்துக் காயப்போடுகிற நாட்களிலும் ஃபில்டர் ஓட வேண்டும், அப்போதும் வாடை வரும். ஓசோன் மெஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டான். மனிதர் மூச்சுவிடுகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு என்று தடுத்தோம்.

ராத்திரி பதினோரு மணிக்கு நண்பன் சுவரில் காதை வைத்துக் கேட்டான். எங்கள் ஃபிரிட்ஜ் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் வாடையும் இல்லை. மெயிலை அழித்துவிட்டான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தச் சனிக்கிழமை ஃபில்டரைத் தூக்கியபோது, வலைக்குள்ளிருந்து கொஞ்சம் கரித்துகள் தரையில் கொட்டியது. அம்மா குனிந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது தொட்டிக் கரியாட்ட இருக்குது."

தொட்டி என்றால் கொட்டாங்குச்சி. பையன் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தான். தேங்காய் ஓட்டுக் கரி என்றுதான் போட்டிருந்தது. (சில ஃபில்டர்களில் நிலக்கரியும் இருக்கும்.) கொட்டாங்குச்சியைக் காற்றுப் புகாமல் எரித்துக் கரியாக்கி, அதை 900 டிகிரி பக்கம் சூட்டில் நீராவி விட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு. வாசம் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். தங்கம் பிரிக்க, தண்ணீர் சுத்தம் செய்ய, இந்த மாதிரி ஃபில்டருக்கு என்று பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கும் இலங்கைத் தொட்டிக்கும் உலகம் பூரா கிராக்கி. இந்தப் பெட்டிக் கரி எந்த ஊரில் வெந்தது என்று அட்டையில் இல்லை.

நண்பன் ஜாலியாகிவிட்டான். "பாத்தியாம்மா, நம்ம ஊரு சரக்கு இங்க வந்து நாத்தத்தைப் பிடிக்குது!"

அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி சுடுகிற குழி இருக்கிறது. மேற்கே காற்றடித்தால் வீடு பூராவும் புகை. துணி காயப்போட முடியாது, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிப்போச்சு என்று அந்தப் பக்கத்து ஜனம் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நண்பனின் அப்பாவும் போன் போடும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். இவன் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவான்.

கரியைத் தாளில் மடித்து அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டு, அம்மா மகனிடம் கேட்டார்:

"இவன் கதவைத் தட்டுனோம், செரிபண்ணிப்போட்டான். அந்தக் குழிக்கு எந்தக் கதவைச் சாமி தட்டறது?"

பையன் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டான். நண்பன்தான் மொழிபெயர்க்க வேண்டும். ரொம்ப நேரம் ரப்பர் கயிற்றின் முடிச்சையே சரிபார்த்துக்கொண்டிருந்தான்.