பக்கம் செய்பவர்களும் படைப்பாளிகளே

பத்திரிகை உலகில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. எழுதுபவர்தான் படைப்பாளி, வடிவமைப்பாளர் வந்ததைப் பக்கத்தில் அடுக்குகிறவர், புகைப்படக்காரர் கண்ணெதிரே இருப்பதைப் பிடித்து வருகிறவர். கைப்பேசிக் கேமராவும் மென்பொருளும் வந்த பிறகு அதோடு ஓர் அறிவுரையும் சேர்ந்துகொண்டது: இந்த வேலைகளை இனி யாரும் செய்துவிடலாம், பிள்ளைகள் இதை நம்பிப் படிக்க வேண்டாம். அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் தவறு.

'அடுக்குகிற வேலை' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இதழான 'எஸ்கொயர்'இன் 1968 ஏப்ரல் மாத அட்டையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் முகம்மது அலியின் குத்துச்சண்டைப் பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. அதற்காக விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்திருந்த நேரம். அந்த இதழின் அட்டைகளை வடிவமைத்துவந்த ஜார்ஜ் லோயிஸ், உடலில் அம்புகள் பாய்ந்த புனித செபஸ்தியாரின் கோலத்தில் அலியை நிறுத்த எண்ணினார். ஒரு கிறித்தவப் புனிதராக நிற்க அலி தயங்கினார். தம் மதத்தலைவர் எலைஜா முகம்மதுவிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே சம்மதித்தார். படம் எடுத்தவர் கார்ல் ஃபிஷர். ஒட்டிவைத்த அம்புகள் நிமிர்ந்து நிற்காததால் மேலிருந்து மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெள்ளைப் பின்னணி, வெள்ளைக் கால்சட்டை, பின்னால் சாய்ந்த தலை, வலியில் திறந்த வாய். அலிக்கு நடந்தது அநீதி என்று அந்த ஒரே பக்கம் நாட்டுக்குச் சொன்னது. அந்த எண்ணம் பிறந்தது வடிவமைப்பாளரின் மூளையில்.

லோயிஸுக்கு முன்பே அலெக்ஸி பிரோடோவிச் இந்த வழியைத் திறந்துவிட்டார். 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் கலை இயக்குநர் அவர். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பரப்பாக எண்ணி, படத்தைத் துணிந்து வெட்டி, வெற்றிடத்தை விட்டுவைத்துப் பக்கத்துக்கு ஓட்டம் கொடுத்தார். புகைப்படக்காரர்கள் ரிச்சர்ட் அவெடனும் இர்விங் பென்னும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அந்தப் பென், 1943இல் 'வோக்' இதழில் அட்டைக்கு யோசனை சொல்லும் உதவியாளராகத்தான் சேர்ந்தார். அவர் வரைந்து காட்டியதை அங்கிருந்த புகைப்படக்காரர்கள் விரும்பவில்லை. கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் லிபர்மன், "நீயே எடு" என்ற பொருளில் அவரிடம் கேமராவைக் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதி இதழின் அட்டையில் பென்னின் படம் வந்தது. வடிவமைப்பிலிருந்து புகைப்படத்துக்குப் போன அந்தப் பாதை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட 'வோக்' அட்டைகளாக நீண்டது.

கேமரா இருப்பதைத்தான் பிடிக்கிறது என்ற வாதத்துக்குப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் பதில் சொல்லிவிட்டார். 1948இல் 'லைஃப்' இதழுக்காகக் கொலராடோவின் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்த டாக்டர் எர்னெஸ்ட் செரியானியோடு 23 நாள் இருந்தார். டாக்டர் கூச்சம் மறக்கட்டும் என்று தொடக்கத்தில் ஃபிலிம் இல்லாமலே கேமராவைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் தாயும் சேயும் இறந்துபோன பிறகு, காப்பிக் கோப்பையும் சிகரெட்டுமாகச் சமையலறையில் சாய்ந்து நிற்கும் செரியானியின் படம் அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது. பத்து நிமிடம் வந்து போகிறவர் முன்னால் எந்த டாக்டரும் அப்படித் தளர்ந்து நிற்கமாட்டார்.

நம் ஊரிலும் சான்று உண்டு. 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும்தான் பல வாசகர்களின் மனத்தில் இன்றும் நிற்கிறார்கள். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' ஆனந்த விகடனில் வெளிவந்தது. பல ஆண்டுகள் கழித்து நூலாகவும் வந்தது. எழுத்துக்குத் துணைபோன படம் என்று அதைச் சொல்லவே முடியாது.

மிஞ்சுவது மென்பொருள் வாதம். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்', அகலமாக எடுத்த படத்தை உயரமான அட்டைக்குள் அடக்க, கீசாவின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கிவைத்தது. கண்டனம் எழுந்தது; பின்னாளில் அந்த இதழே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. செய்ய முடியும் என்பது கருவியின் தகுதி. செய்யலாமா என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் இது இன்னும் வெளிப்படை. ஆங்கிலத்துக்கு அமைந்த வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல்வரியின் 'து', 'ரு' கீழே நீட்டும் கால், அடுத்த வரியின் புள்ளியிலும் 'கீ'யின் சுழியிலும் போய் இடிக்கும். குறுகிய பத்தியில் நீளமான சொல் வந்தால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. பயின்ற கண் கண்டு, வரியைத் தளர்த்தும். தேவைப்பட்டால் ஆசிரியரிடம் ஒரு சொல்லை மாற்றித் தரச் சொல்லும்.

ஊதியம் குறைவு, அச்சிதழ்களில் இடங்கள் சுருங்கிவிட்டன என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வேலையின் தரமன்று. நிறுவனங்கள் அதற்குக் கொடுக்கும் மதிப்பு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தபோது வயது 97. இன்றைய ஆசிரியர்கள் அவ்வளவு காலம் காக்கவைக்க வேண்டியதில்லை. அடுத்த இதழிலேயே, எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், படம் எடுத்தவர் பெயரையும் பக்கம் வடிவமைத்தவர் பெயரையும் அச்சிடுங்கள்.