பாடியவருக்கு மிஞ்சியது என்ன?

2025 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பாடகர் சாம் மூர் காலமானார். அவருக்கு வயது 89. 1960-களில் ‘சாம் அண்ட் டேவ்’ என்ற பெயரில் டேவ் பிரேட்டருடன் இணைந்து பாடிப் புகழ்பெற்றவர். ‘சோல்’ என்று அழைக்கப்படும் கறுப்பின மக்களின் இசையில் முன்னணிக் குரல்களில் ஒன்று அவருடையது. தேவாலயப் பாடல் மரபும், தென்மாநிலப் பருத்தி வயல்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த உழைப்பாளரின் ‘புளூஸ்’ இசையும் கலந்து பிறந்த வடிவம் அது.

இந்த இருவரின் வெற்றிப் பாடல்களைத் திரட்டி, ‘தி பெஸ்ட் ஆஃப் சாம் அண்ட் டேவ்’ என்ற தொகுப்பை அட்லாண்டிக் நிறுவனம் 1969-இல் வெளியிட்டது. அன்று தொடங்கி இசைத்தட்டாக, ஒலிநாடாவாக, குறுந்தகடாக, இன்று இணையவழிச் சேவைகளில் என்று அதே பாடல்கள் பெயரையும் அட்டையையும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப விற்பனைக்கு வருகின்றன. பாடகர்கள் ஒரே முறை பாடினார்கள். சரக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விலைபோகிறது. இதில் பாடியவருக்குச் சேர்ந்தது எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை தேடியே சாம் மூர் தமது முதுமையின் பல ஆண்டுகளை நீதிமன்றத்திலும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களிலும் செலவிட நேர்ந்தது.

இதை ஒரு தனிமனிதரின் துரதிர்ஷ்டக் கதையாக எண்ணி அனுதாபத்துடன் கடந்து செல்வது எளிது. ஆனால் ‘சிறந்த பாடல்களின் தொகுப்பு’ என்ற அந்தச் சரக்கை அவிழ்த்துப் பார்த்தால், முதலாளித்துவத்தில் உழைப்பும் உடைமையும் எப்படிப் பிரிகின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

மெம்பிஸ் நகரத்துப் பட்டறை

சாம் அண்ட் டேவ் பாடல்களில் பெரும்பாலானவை டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், ஸ்டாக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், மக்லமோர் நிழற்சாலையிலிருந்த ஒரு பழைய திரையரங்கைத்தான் ஜிம் ஸ்டீவர்ட்டும் அவருடைய சகோதரி எஸ்டெல் ஆக்ஸ்டனும் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். நகரமெங்கும் இனப் பிரிவினை நிலவிய அந்தக் காலத்தில், அந்தக் கூடத்தின் நிலைய இசைக்குழுவில் இரண்டு கறுப்பினத்தவரும் இரண்டு வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். தெருவிலிருந்த ஓர் உணவகத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே சிக்கலாக இருந்த ஊரில், உழைப்பு அவர்களைச் சேர்த்து வைத்தது.

ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டர் என்ற இரு கறுப்பின இளைஞர்கள் பாடல்களை எழுதி இசையமைத்தனர். 1966-இல் வெளிவந்த ‘ஹோல்ட் ஆன், ஐயாம் கமின்’ கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்களின் எழுச்சி வெடித்தபோது, தாக்குதலுக்கு உள்ளாகாமலிருக்கத் தங்கள் கடைச் சுவர்களில் கறுப்பின உரிமையாளர்கள் ‘சோல்’ என்று எழுதி வைத்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஹேய்ஸின் மனதில் உதித்ததே ‘சோல் மேன்’. ஒரு மக்கள் எழுச்சியின் சுவரெழுத்து, சில மாதங்களில் நாடெங்கும் விற்கும் இசைத்தட்டாயிற்று.

ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாடியவர்கள், எழுதியவர்கள், வாத்தியக்காரர்கள், பதிவுப் பொறியாளர், இசைத்தட்டு அச்சிடும் ஆலைத் தொழிலாளி, பெட்டிகளை ஏற்றி இறக்கியவர் என நீளும் கூட்டு உழைப்பு அது. ஆனால் அந்த உழைப்பு பதிந்திருந்த மூல நாடா, இவர்களில் ஒருவருக்கும் சொந்தமில்லை.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த சொத்து

சாம் அண்ட் டேவ் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் அல்லர். அவர்களை ஒப்பந்தம் செய்திருந்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். அது அவர்களை மெம்பிஸுக்கு ‘இரவலாக’ அனுப்பி வைத்திருந்தது. ஒரு தொழிலாளியை ஓர் ஆலையிலிருந்து மற்றோர் ஆலைக்கு மாற்றி அனுப்புவது போன்றதே இது.

1967-இல் அட்லாண்டிக் நிறுவனத்தை வார்னர் பிரதர்ஸ்–செவன் ஆர்ட்ஸ் விலைக்கு வாங்கியது. அப்போதுதான் ஸ்டாக்ஸ் உரிமையாளர் ஜிம் ஸ்டீவர்ட், 1965-இல் தாம் கையொப்பமிட்ட விநியோக ஒப்பந்தத்தின் முழுப்பொருளையும் உணர்ந்தார். அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் மூல நாடாக்கள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்றது அந்த ஒப்பந்தம். 1967 டிசம்பரில் விமான விபத்தில் மாண்ட ஓட்டிஸ் ரெட்டிங்கின் பாடல்கள் உட்பட, அத்தனை ஆண்டு உழைப்பின் பயனும் ஒரு பத்தியின் வலிமையால் கைமாறியது. சாம் அண்ட் டேவும் அட்லாண்டிக்குக்கே திரும்பினர். அடுத்த ஆண்டு அவர்களது ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பு கடைக்கு வந்தது.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்கியது. ஸ்டாக்ஸ் மீண்டும் எழ முயன்று, கடைசியில் 1975-இல் வங்கிக் கடனில் மூழ்கித் திவாலானது. மறுபுறம், விழுங்கப்பட்ட சிறு முதலாளியும் தம்மிடம் உழைத்தவர்களுக்கு மூல நாடாக்களில் பங்கு தந்திருக்கவில்லை. ‘சோல் மேன்’ எழுதிய ஐசக் ஹேய்ஸ் பின்னாளில் தாமே திவாலாகி, எழுதிய பாடல்களின் வருவாய் உரிமையையும் இழந்தார்.

பாட்டுப் பாடும் ஒருவர் தாமே கூட்டம் கூட்டிக் காசு வாங்கிப் பாடினால் அது ஒரு வகை. அதே பாடகரை ஒரு முதலாளி அமர்த்திப் பணம் பண்ணுவதற்காகப் பாடவைத்தால், அவர் மூலதனத்தை உற்பத்தி செய்யும் உழைப்பாளியாகிறார் என்று மார்க்ஸ் விளக்கினார். ஒலிப்பதிவு வந்த பிறகு இந்த விளக்கம் மேலும் கூர்மை பெறுகிறது. அரங்கில் பாடிய பாட்டு காற்றோடு போய்விடும். நாளை பணம் வேண்டுமானால் நாளை மீண்டும் பாடவைக்க வேண்டும். பதிவான பாட்டு அப்படியல்ல. பாடகருக்கு வயதாகிக் குரல் தளர்ந்த பிறகும், அவர் இறந்த பிறகும் அது சம்பாதிக்கும். தொகுப்பு வெளியிடப் புதிய ஒலிப்பதிவுச் செலவு கிடையாது. கிடங்கிலிருக்கும் நாடாவும், ஒரு புதிய அட்டையும் போதும்.

கணக்குப் புத்தகத்தின் மாயம்

‘பாடகருக்கு விற்பனையில் பங்கு உண்டே’ என்று கேட்கலாம். காகிதத்தில் உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் பங்கின் விழுக்காடு மிகக் குறைவு. ஒலிப்பதிவுச் செலவும் முன்பணமும் பாடகரின் பங்கிலிருந்தே கழிக்கப்படும். அவை தீரும்வரை பாடகர் கடனாளி. கணக்கு எழுதுவது நிறுவனம். சரிபார்க்க வழியற்றவர் பாடகர். நிலவுடைமையாளர் வீட்டுக் கணக்குநோட்டில் தலைமுறை தலைமுறையாகத் தீராதிருந்த பண்ணையாளின் கடனை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்கு நேர்ச்சான்று ரூத் பிரவுன். 1950-களில் அட்லாண்டிக்கை ஒரு பெரிய நிறுவனமாக நிலைநிறுத்திய பாடல்கள் அவருடையவை. அது ரூத் கட்டிய வீடு என்றே அந்த நிறுவனம் பேசப்பட்டது. அவரோ பிற்காலத்தில் வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். தமக்குரிய தொகையைக் கேட்டபோது, நிறுவனத்துக்கு அவரே கடன்பட்டிருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது. வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் பல ஆண்டுகள் போராடினார். தம்முடைய பிரச்சினையாக மட்டும் அதைக் கருதாமல் பிற கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். 1988-இல் அட்லாண்டிக் பணிந்தது. அவருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய கலைஞர்களுக்கும் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடன் நீக்கப்பட்டு, முன்தேதியிட்டுப் பங்குத்தொகை வழங்கப்பட்டது. மூத்த கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கும் அந்நிறுவனம் நிதி கொடுத்தது. தனித்தனியாகக் கேட்டவரை கிடைத்தது கடன் கணக்கு. சேர்ந்து கேட்டபோதே பணம் வந்தது.

ஓய்வூதியம் எங்கே போனது?

சாம் மூரின் போராட்டம் இன்னொரு வாசலைத் தட்டியது. ஓய்வூதிய வயதை நெருங்கியபோது, தமக்குக் கிடைக்கவிருக்கும் தொகை மிகச் சொற்பம் என்று அறிந்தார். பாடகர்களின் ஊதியத்தைக் கணக்கிட்டு இசை நிறுவனங்கள் செலுத்த வேண்டிய பங்களிப்பு முறையாகச் செலுத்தப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. 1993-இல் கர்டிஸ் மேஃபீல்டு முதலிய கலைஞர்களுடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். இசை நிறுவனங்களோடு, பங்களிப்பை வசூலித்துக் காக்க வேண்டிய கலைஞர் சங்கத்தின் நிதியமும் அதில் எதிர்த்தரப்பாக நின்றது. பல ஆண்டுகள் இழுத்தடித்த பின் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஓய்வூதியம் என்பது பிற்படுத்திக் கொடுக்கப்படும் கூலி. அதைக் கட்டாமல் விடுவது கூலித் திருட்டு. திருட்டைச் செய்தவர் முதலாளி என்றாலும், கணக்கைக் கேட்காமலிருந்த அமைப்பும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வைப்புநிதியையே கட்டாமல் ஏமாற்றும் ஒப்பந்தக்காரர்களை அன்றாடம் சந்திக்கும் இந்தியத் தொழிற்சங்க ஊழியர்கள், இந்த வழக்கை அயல்நாட்டுச் செய்தியாகப் படிக்க மாட்டார்கள்.

இதைவிட விந்தையானது வானொலி. அமெரிக்காவில் வழமையான வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் வெளியீட்டு உரிமையாளருக்கும் பணம் உண்டு. பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. இதை மாற்றக் கோரி சாம் மூர் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார். மசோதாக்கள் பல முறை முன்வைக்கப்பட்டும், ஒலிபரப்பு முதலாளிகளின் எதிர்ப்பால் நிறைவேறவில்லை.

அதே நகரம், அதே ஆண்டு

ஸ்டாக்ஸ் தன் பாடல்களை இழந்த 1968-ஆம் ஆண்டில்தான் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்தது. பிப்ரவரி 1 அன்று குப்பை லாரியின் அழுத்துப்பொறியில் சிக்கி எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்கள் நசுங்கி மாண்டனர். பிப்ரவரி 12 அன்று 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு அணிவகுத்தனர். அவர்களுக்கு ஆதரவளிக்க வந்த மார்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று லொரைன் விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் வழக்கமாகக் கூடிப் பாடல் எழுதிய விடுதியும் அதுவே. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. ஊதிய உயர்வும் கிடைத்தது.

அந்த நகரத்தின் குப்பை அள்ளியவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது. உலகப் புகழ்பெற்ற பாடகர்களிடமோ தனித்தனி ஒப்பந்தங்களே இருந்தன; பெயரளவில் இருந்த கலைஞர் சங்கம் அவர்களின் கணக்கைக் கேட்கவில்லை. முன்னவர்கள் 65 நாட்களில் அடைந்ததை, பின்னவர்கள் முதுமையில், வழக்காடி, அதுவும் அரைகுறையாகவே பெற்றார்கள். புகழ் என்பது உழைப்பாளியின் பாதுகாப்பாகிவிடாது.

சாம் மூரைப் புரட்சியாளராகச் சித்தரிக்க வேண்டியதில்லை. 2008-இல் ஒபாமாவின் கூட்டங்களில் தம் பாடல் பயன்படுத்தப்படுவதை ஆட்சேபித்தவர் அவர். 2017-இல் டிரம்ப் பதவியேற்பையொட்டிய நிகழ்ச்சியில் பாடியவரும் அவரே. சுரண்டப்பட்டவர் என்பதாலேயே ஒருவரிடம் வர்க்க உணர்வு தானாக முளைத்துவிடுவதில்லை. அதே நேரம், அவருடைய அரசியல் தேர்வுகள் தவறானவை என்பதால் அவருக்குரிய கூலியின் நியாயம் குறைந்துவிடுவதும் இல்லை. வாக்களிப்பதைப் பார்த்து உரிமையை அளப்பது இடதுசாரிகளின் வழக்கமன்று.

இந்தியாவில்

இதே கேள்வி இந்தியத் திரையிசையிலும் எழுந்தது. 1960-களில் பாடகர்களுக்கும் உரிமைத்தொகை வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் கோரினார். பாடியதற்குக் கூலி பெற்றபின் மேற்கொண்டு கோர ஒன்றுமில்லை என்று முகமது ரஃபி கருதினார். இந்தக் கருத்து வேறுபாட்டால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லை. 2012-இல் செய்யப்பட்ட பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி பாதுகாத்தது; பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு கோரும் உரிமையை அளித்தது. அது முக்கியமான முன்னேற்றம். ஆனால் நாட்கூலிக்கு வாசித்த வயலின் கலைஞரும், கூட்டாகப் பாடிய குரல்களும், ஊர்த் திருவிழாவில் பாடியதை யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிச் சம்பாதிக்க, அதை அறியாமலே இருக்கும் நாட்டுப்புறக் கலைஞரும் அந்தச் சட்டத்தின் பயனை எட்ட வெகுதூரம் போக வேண்டும்.

சட்டம் புத்தகத்தில் இருப்பது போதாது. கணக்கைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும்; ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்; வைப்புநிதி கட்டப்பட்டதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். கலை இலக்கிய அமைப்புகள் கலைஞர்களை மேடையேற்றிப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், அவர்களைக் கூலி பெறும் உழைப்பாளர்களாகக் கண்டு அணிதிரட்டும் வேலையைத் தொழிற்சங்கங்களுடன் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாம் மூரின் பாடல்கள் இனியும் புதிய தொகுப்புகளாக வந்துகொண்டிருக்கும். அவற்றைக் கேட்டு மகிழ்வதில் தவறில்லை. அவை மகத்தான பாடல்கள். அட்டையைத் திருப்பி, உரிமையாளர் என்று எழுதப்பட்ட வரியில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அங்கே பாடியவர் பெயர் இல்லை.