வண்டி எத்தனை நாள் நின்றது?



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதென்றால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்க்கிறோம். பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறோம். போன வாரம் அதே மில்லில் சரக்கு எடுத்தவரை விசாரிக்கிறோம். கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். அதே நாம், 11 லட்சத்தில் தொடங்கி 20 லட்சத்தையும் தாண்டுகிற எஸ்.யூ.வி. வண்டி வாங்கப் போகும்போது மட்டும், ஷோரூமில் கொடுக்கும் குளிர்பானத்தைக் குடித்துவிட்டு, எந்த நிறம் என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்பணம் கட்டி வந்துவிடுகிறோம். இது வியாபாரிக்கு அழகா?

திண்டுக்கல் வட்டாரத்தில் இப்படிப்பட்ட வண்டி இன்று ஆடம்பரம் அல்ல. விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு பக்கம் வசூலுக்குப் போக வேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் பத்து உருப்படியோடு பழனிக்கும் மதுரைக்கும் போக வேண்டும். வாங்குவது தவறே இல்லை. எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

மைலேஜ் கேட்கிறோம், விலை கேட்கிறோம், மேற்கூரை திறக்குமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "ஐந்து வருஷத்தில் இது எத்தனை நாள் பட்டறையில் நிற்கும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வண்டியின் நம்பகம் என்பது அந்த ஒரு கணக்குதான் என்பது நம் கருத்து.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். அது இந்தக் கட்டுரைக்குத் தேவையும் இல்லை. வாங்கி மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வேகம் எடுக்கவில்லை. சர்வீஸில் விட்டோம். "சென்சார் போயிருக்கிறது, உதிரிப்பாகம் வர வேண்டும்" என்றார்கள். வந்தபோது தீபாவளி முடிந்துவிட்டது. உத்தரவாதம் இருந்ததால் பாகத்துக்குக் காசு வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தையும், வசூலுக்குப் போக முடியாமல் நின்ற பாக்கியையும் எந்த உத்தரவாதம் ஈடு கட்டியது? மாதத் தவணை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

எங்கள் தெருவிலேயே இன்னொரு மளிகைக் கடைக்காரர் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே வண்டியை ஓட்டுகிறார். பார்க்க அழகில்லை, ஏ.சி. சத்தம் போடுகிறது. "வழியில் நின்றதுண்டா?" என்று கேட்டோம். "பஞ்சர் தவிர இல்லை" என்றார். எங்களுக்கு அந்த வார்த்தை போதும். வாங்குவதற்கு முன்னால் அவரைக் கேட்காமல் போனோமே என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வண்டி நம்மிடம் இருக்கும். அதைச் செய்தவர் இருப்பாரா? 1994-ல் வந்த டாடா சுமோவை நம் வணிகர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அது 2019 வரை ஓடியது. 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸை நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005-ல் நிறுத்தி, இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஓடு இந்தியாவில் விற்பனையை முடித்துக்கொண்டது. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஒரகடத்தில் தயாராகி 2012-ல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டரும் 2022-ல் நின்றது. இவற்றில் பல நல்ல வண்டிகளே. ஆனால் நம் ஊர்ப் பட்டறையில் கை வைக்கத் தெரிந்த ஆளும், கடையில் பாகமும் கிடைக்கும் வரைதான் நல்ல வண்டியும் நல்ல வண்டி. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். சாவி தொலைந்தால் செய்து கொடுக்க ஆள் இல்லாத பூட்டை நாம் வாங்குவோமா?

குறை எல்லாம் கம்பெனியினுடையது என்று சொல்லவும் மனம் வரவில்லை. நம் பக்கத்திலும் தவறு உண்டு.

முதலாவது, எலி. குடோன் ஓரமாகவே வண்டியை நிறுத்துகிறோம். அரிசிக்கும் கடலைக்கும் வரும் எலி, இரவில் இன்ஜினின் வெதுவெதுப்புக்குப் போய் ஒயரைக் கடிக்கிறது. இன்றைய வண்டியில் ஒரு ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டரே குழம்பிவிடும். எலி கடித்ததற்கு உத்தரவாதம் கிடையாது. நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். குடோனில் எலிப்பொறி வையுங்கள்.

இரண்டாவது, பாரம். ஆள் ஏறும் வண்டியில் பின் சீட்டை மடக்கிவிட்டு மூட்டை அடுக்குகிறோம். ஷாக் அப்சார்பரும் கிளட்ச்சும் தேய்ந்த பிறகு வண்டியைத் திட்டுகிறோம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைத் தட்டிக் கழிக்கவும் வழி உண்டாகும். சரக்குக்குச் சரக்கு வண்டிதான்.

மூன்றாவது, டீசல். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்துவிட்டது. அதன்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால், வண்டி அவ்வப்போது கால் மணி, இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். ரத வீதிக்கும் நாகல் நகருக்கும் மட்டுமே போய் வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, விளக்கு எரிகிறது, செலவு வைக்கிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் பெட்ரோல் வண்டியைப் பார்ப்பது நல்லது. வாரத்தில் சில நாளாவது நான்கு வழிச் சாலையில் மதுரைக்கோ, கரூர் பக்கமோ போகிறவருக்கு டீசல் ஒத்துவரும். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியரிலும் பல வகை உண்டு. அவற்றில் எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் நெரிசலிலும் மலை ஏற்றத்திலும் சூடேறக் கூடியது. சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் அடிக்கடி போகிறவர்கள் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. 4 மீட்டருக்கு மேல் நீளமான இந்த வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்துக் கட்டியதைவிட இது குறைவுதான். ஆனால் 13 பேர் வரை அமரும் ஆள் வண்டிக்குக் கட்டிய வரியை, நம்மைப் போன்ற மளிகை வியாபாரிகள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். கட்டியது முழுவதும் முதலாகவே முடங்குகிறது. அப்படிப்பட்ட வண்டி சில வருஷத்தில் பழுதுக்குப் பேர் வாங்கி, பாதி விலைக்குக்கூடப் போகாவிட்டால் நஷ்டம் யாருக்கு?

சட்டம் கை கொடுக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கொடுக்கும், ஆனால் காகிதம் வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆகவே கடையின் பெயரில் பில் போடுவதா, சொந்தப் பெயரில் போடுவதா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரே மாதிரிக் குறை பல வண்டிகளில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அங்கே முக்கியமாகப் பார்ப்பது புகார்களின் எண்ணிக்கையை. டீக்கடையில் நாம் புலம்பும் புலம்பல் அந்தக் கணக்கில் சேராது. எழுதிக் கொடுத்ததுதான் சேரும்.

ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்று வாகன ஓட்டிகளின் சங்கம் ஒன்று 1903 முதல் இருக்கிறது. வழியில் நின்ற வண்டிகளுக்கு உதவப் போகும் அதன் ஆட்கள், எந்த மாடல், என்ன பழுது என்று குறித்துவைக்கிறார்கள். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். கம்பெனிகளும் அதற்கு மதிப்புக் கொடுக்கின்றன. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திரங்கள், மோதினால் உயிர் தப்புமா என்பதைச் சொல்கின்றன. அதுவும் அவசியமே. ஆனால் வண்டி வழியில் நிற்குமா என்பதை அவை சொல்வதில்லை. அதை ஓட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் வருஷத்துக்கு ஒரு முறை இந்த விவரங்களை எழுதட்டும்: என்ன மாடல், எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை நாள் பட்டறையில் நின்றது, என்ன பழுது, எவ்வளவு செலவு, உதிரிப்பாகம் எத்தனை நாளில், எந்த ஊரிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

"ஒருவருக்கு நல்லதாக அமையும், இன்னொருவருக்கு மோசமாக அமையும், அவரவர் ராசி" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஒருவர் பேச்சை வைத்து ஒரு கம்பெனியைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அதனால்தான் குறிப்பேடு என்கிறோம். நொந்தவர் மட்டும் அல்ல, திருப்தியாக ஓட்டுகிறவரும் எழுத வேண்டும். பத்துப் பேர் எழுதும்போது ராசி மறைந்து கணக்குத் தெரியும். தெரு மெக்கானிக்குகளையும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. எந்த வண்டி அதிகம் வருகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பேரேடு எழுதாத வியாபாரியை நாம் வியாபாரி என்றே மதிப்பதில்லை. இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் ஒரு பக்கமும் எழுதாமல் இருக்கலாமா? அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வண்டி இந்த வருஷம் எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் சீட்டை எழுதி வைத்துவிட்டோம்: தீபாவளி சேர்த்துப் பதினோரு நாள்.