குளிர்காப்பி போலிக்காப்பி அன்று

(நீண்ட பதிவு, பொறுத்தருள்க.)

தில்லியில் இது மே மாதம். எங்கள் துறையின் ஆய்வாளர் அறை மேல்தளத்தில் உள்ளது. நண்பகலுக்குப் பிறகு அதன் மேற்குச் சுவரில் கைவைக்க இயலாது. அவ்வறைக்குத் துறை வழங்கியிருக்கும் ஒரே வசதி ஒரு மின்சாரக் கெட்டில். சென்ற மாதம் பதினொரு ஆய்வாளர்கள் கையொப்பமிட்டு, சிறியதொரு குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்று விண்ணப்பித்தோம். குடிநீரும் மோரும் வைக்க, காப்பியையும் தேநீரையும் குளிரவைத்துக் குடிக்க என்று காரணத்தையும் ஒளிவின்றி எழுதினோம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நிதி இல்லை என்று சொல்லியிருந்தால் இப்பதிவை எழுதியிருக்க மாட்டேன். கூட்டத்தில் சொல்லப்பட்டது வேறு: வெயிலுக்குச் சூடான தேநீரே மருந்து, பனிக்கட்டியிட்டுக் குடிப்பது மேனாட்டு மோகம், ஆய்வாளர்க்கு அத்தகைய சொகுசு ஆகாது. மனம் பொறாமல் இதைத் தமிழ் நண்பர் குழு ஒன்றில் பகிர்ந்தேன். அங்கிருந்தும் ஆதரவு வரவில்லை. "டபராவில் ஆற்றிக் குடிக்காதது காப்பியா?" என்று கேட்டார் ஓர் அண்ணன். மூத்த பேராசிரியர் ஒருவர் அதற்குக் கைதட்டும் சின்னம் இட்டார்.

ஆக, குற்றச்சாட்டுகள் நான்கு. அது காப்பியே அன்று, அது அயல்மோகம், அது உடலுக்கு ஒவ்வாது, அது சொகுசு. நான்கும் பிழை என்பது என் துணிபு. வரிசையாகப் பார்ப்போம். எல்லாரும் கோல்டு காப்பி என்று சொல்வதை இங்கே குளிர்காப்பி என்று எழுதுகிறேன், கருத்து மாறாது.

1. "அது காப்பியே அன்று"

இது மொழி பற்றிய கூற்று. ஆகவே மொழியைக் கொண்டே விடை சொல்லலாம். தொல்காப்பியக் கிளவியாக்கம் இனச்சுட்டு இல்லாப் பண்பு பற்றிப் பேசும் இடத்தை நண்பர்கள் நினைவுகூர்க. ஒரு பொருளுக்கு இனமாக வேறொன்று இருந்து, அதனின்று பிரித்துக் காட்ட வேண்டியபோதே உலக வழக்கில் அடைமொழி வரும்; இனமில்லாப் பொருளுக்கு அடை கொடுப்பது செய்யுளுக்கு உரியது. வெண்டாமரை இருப்பதால் செந்தாமரை என்கிறோம். கருஞாயிறு இல்லாமையால் செஞ்ஞாயிறு என்பதைக் கவிஞர்க்கு விட்டுவிடுகிறோம்.

இவ்விதியைக் காப்பிக்குப் பொருத்திப் பாருங்கள். நம் பாட்டிமார் வெறுமனே காப்பி என்றனர். சூடான காப்பி என்று அடைகொடுக்க அவர்களுக்குத் தேவை எழவில்லை. இன்று கடைக்காரர், "சூடா, கோல்டா?" என்று கேட்கிறார். அக்கேள்வியே சூடான காப்பிக்கு ஓர் இனம் பிறந்துவிட்டது என்பதற்குச் சான்று. கைபேசி வந்த பிறகே 'தரைவழித் தொலைபேசி' என்ற சொல் தேவைப்பட்டது. அதனால் கைபேசி தொலைபேசி அன்று என்று யாரும் வழக்காடவில்லை. அடைமொழியின்றி வழங்குவது முன்பு வந்தது, அல்லது மிகுதியாக வழங்குவது, அவ்வளவே. அதுதான் மெய், அடைமொழி பெற்றதெல்லாம் போலி என்பது இலக்கணம் அன்று. பழக்கத்தை இலக்கணமாகக் காட்டும் தந்திரம்.

இன்னும் எளிய சான்று நம் வாயிலேயே இருக்கிறது. தண்ணீர் என்பது தண் + நீர்; குளிர்ந்த நீர். அதற்கு இனம் வெந்நீர். ஆயினும் நாள்தோறும் 'சுடுதண்ணீர்' கேட்கிறோம். சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் அது 'சுடுகின்ற குளிர்நீர்'. எவரும் நகைப்பதில்லை, ஏனெனில் தண்மை அச்சொல்லிலிருந்து தேய்ந்து, நீர் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது. பெயரிலேயே குளிர்ச்சியை வைத்திருக்கும் பொருளைச் சுடவைத்து அதே பெயரால் அழைக்கலாம். பெயரில் வெப்பமே இல்லாத காப்பியைக் குளிரவைத்தால் மட்டும் பெயர் பறிபோகுமா?

டபரா அண்ணனுக்கு ஒரு சொல். 'ஆற்றுதல்' என்றால் என்ன? சூடு தணித்தல். டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் காப்பி நெடுக இறங்குவது நுரைக்காக மட்டும் அன்று. காற்றுப் பட்டுச் சூடு தணிவதற்காகவும்தான். நீங்கள் போற்றும் டபராவே ஒரு குளிர்விக்கும் கருவி. எத்தனை பாகைக்குக் கீழே இறங்கினால் காப்பி தன் பெயரை இழக்கும் என்பதை மட்டும் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.

2. "அது மேனாட்டு மோகம்"

இதே குற்றச்சாட்டு நூறாண்டுகளுக்கு முன் சூடான காப்பியின்மீது சுமத்தப்பட்டது. நீராகாரத்தையும் பழையதையும் விட்டுக் காப்பிக்கு மாறியவர்கள் உடலையும் ஒழுக்கத்தையும் கெடுத்துக்கொள்வதாக அன்றைய தமிழ் எழுத்தாளர் பலர் புலம்பினர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்கள் இதை அறிவர். காந்தியடிகளும் உடல்நலம் பற்றிய தம் எழுத்தில் தேநீர், காப்பி இரண்டையும் வேண்டாதவை என்றே ஒதுக்கினார். தேநீரின் கதையோ இன்னும் வெளிப்படையானது. 1903இல் தேயிலைமீது தீர்வை விதிக்கச் சட்டம் இயற்றி, அப்பணத்தில் விளம்பரம் செய்து, பின்னர் இந்தியரையும் தேநீர் குடிக்கப் பழக்கினர். கூட்டத்தில் 'நம் மரபு' என்று சொல்லப்பட்ட அந்தச் சூடான தேநீர், தோட்ட முதலாளிகளின் விற்பனை முயற்சி நமக்கு விட்டுச்சென்றது.

மரபுக் காப்பியின் இன்னொரு பக்கத்தையும் மறக்க வேண்டாம். 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையின்கீழ் அது விற்கப்பட்டது. அப்பலகைகளை அழிக்கப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. எது தூய காப்பி என்ற வினா நம்மிடையே ஒருபோதும் சுவை பற்றியதாக மட்டும் இருந்ததில்லை.

இனி, குளிர்பானம் மேற்கிலிருந்து வந்ததா? அபுல் ஃபசலின் 'அயினி அக்பரி', வெடியுப்பைக் கரைத்த நீரில் கலத்தை வைத்துக் குடிநீரைக் குளிர்விக்கும் முறையை விவரிக்கிறது. 1586இல் அரசவை பஞ்சாபுக்குச் சென்ற பிறகு, வடமலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி கொண்டுவரப்பட்டதையும் அது சொல்கிறது. பாஸ்டனிலிருந்து டியூடரின் பனிக்கட்டிக் கப்பல் கல்கத்தா வந்தது 1833இல்தான். அவ்வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

குளிர்காப்பி பன்னாட்டுச் சங்கிலிக் கடைகளின் பிள்ளை என்று எண்ணுவோர் கன்னாட் பிளேஸ் அருகே மோகன்சிங் பிளேஸ் மாடியில் இருக்கும் இந்தியன் காப்பி ஹவுசுக்கு ஒரு மாலை வரலாம். காப்பி வாரியம் தன் காப்பிக்கடைகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் துணையோடு 1957 முதல் அமைத்த கூட்டுறவுச் சங்கங்களின் வழிவந்தது அது. அங்கே விலைப்பட்டியலில் சூடான காப்பியின் அருகிலேயே குளிர்காப்பியும் இருக்கிறது. தலைப்பாகை அணிந்த ஊழியர் அதைக் கொண்டுவந்து வைக்கையில் மேனாட்டு மோகம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

வெயிற்காலத்தில் சூடாகக் குடிப்பதே நம் மரபு என்பதும் மெய்யன்று. சித்திரையில் நாம் பகிர்வது நீர்மோரும் பானகமும். வடக்கே லஸ்ஸி, மாங்காயில் ஆம் பன்னா. மோரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் வெயிலுக்கு நல்லது என்று சொன்ன மூதாட்டி எவரையும் நான் கண்டதில்லை.

3. "வெயிலுக்குச் சூடான தேநீரே மருந்து"

இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2012இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிதிவண்டி மிதிப்போருக்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் நீர் கொடுத்து அளந்தனர். 50 பாகை செல்சியஸ் நீர் குடித்தபோது உடலில் தேங்கிய வெப்பம் குறைவாக இருந்தது. சூடான நீர் மிகுதியாக வியர்க்கச் செய்தது. அவ்வியர்வை ஆவியானபோது, குடித்த நீரின் வெப்பத்தைவிட மிகுதியான வெப்பம் உடலைவிட்டு நீங்கியது.

ஆனால் அவ்வாய்வு ஒரு நிபந்தனையோடு பேசுகிறது: சுரந்த வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். வியர்வை நம்மைக் குளிர்விப்பது சுரப்பதனால் அன்று, ஆவியாவதனால். வறண்ட காற்று வீசும் மே மாதத் தில்லித் தெருவில் இது பொருந்தலாம். ஜூலையில் மழைக்காற்று ஈரத்தோடு வந்த பிறகு பொருந்தாது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வியர்வை சொட்டித் தரையில் விழுமேயன்றி ஆவியாகாது. அங்கே சூடான பானம் வெப்பத்தைக் கூட்டும். காற்றோட்டமில்லாத எங்கள் மேல்தள அறையிலும் அதுவே நிலை. நிபந்தனையை வெட்டிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்காட்டும் மாணவருக்கு நீங்கள் என்ன மதிப்பெண் இடுவீர்கள்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தூய்மையற்ற நீரில் செய்த பனிக்கட்டி நோய் தரும். குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாவுக்குக் குறைவாகத் தெரிவதால் கடைகள் சர்க்கரையை அள்ளிப் போடுகின்றன. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் தீர்வு, நல்ல நீரும் சொந்தக் குளிர்சாதனப் பெட்டியும்தான். அதைத்தானே கேட்டோம்?

4. "அது சொகுசு"

என் சொகுசு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். இரவில் பில்டரில் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, மூடிவைத்துக் குளிரவைக்க வேண்டும். பனிக்கட்டி உருகிச் சேரும் நீரையும் கணக்கில் கொண்டு, வழக்கத்தைவிடத் தூள் சற்று மிகுதி. மறுநாள் பிற்பகல் குளிர்ந்த பாலும் இரண்டு கட்டி ஐஸும் சேர்த்தால் போதும். தேநீர் என்றால், கடுந்தேநீரை முதலில் அறையின் சூட்டுக்கு ஆறவிட்டுப் பின்னர் குளிர்விக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பனிக்கட்டியில் ஊற்றினால் கலங்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறும், மணம் எழும். முதல் மிடறு தொண்டையில் இறங்கும்போது, காலைமுதல் மங்கிக் கிடந்த ஒரு பத்தி திடீரெனப் பொருள்படும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் பெரும்பாலும் இப்படி எழுதப்பட்டதுதான். விடுதியில் நண்பர் ஒருவரின் பெட்டியை இரவல் வாங்கி.

எங்கள் துறையில் குளிர்சாதனப் பெட்டியே இல்லை என்று எண்ண வேண்டாம். ஆசிரியர் அறையில் ஒன்று இருக்கிறது. அதற்குள் குளிர்ந்த நீர்ப்புட்டிகளும், இனிப்புப் பெட்டிகளும், சில நாள்களில் குளிர்காப்பியும் இருக்கும். சூடான தேநீரின் மருத்துவக் குணம் பற்றிய உரை அப்பெட்டியிலிருந்து ஆறடி தொலைவில்தான் நிகழ்த்தப்பட்டது.

அபுல் ஃபசல் இன்னொரு செய்தியும் தருகிறார்: கோடையில் எல்லாத் தரத்தினரும் பனிக்கட்டி பயன்படுத்தினர், பெருமக்களோ ஆண்டு முழுவதும். பதினாறாம் நூற்றாண்டில் கோடைக் குளிர்ச்சி எல்லார்க்கும் உரியது என்று குறிப்பாவது எழுத முடிந்திருக்கிறது. நாம் அதற்கும் பின்னே போய்விட்டோம்.

ஆய்வாளராகிய எங்கள் குறை சிறிது என்பதை அறிவேன். நூலக வாயிலில் நாள் முழுதும் நிற்கும் காவலர் இருக்கிறார். வெயிலில் காய்ந்த தகரக் கூரையின்கீழ் அவருக்கு ஒரு ஞெகிழிப் புட்டி நீர். பதினொரு மணிக்கெல்லாம் அது வெந்நீர். தளங்களைத் துடைக்கும் அக்காவுக்கு அதுவும் இல்லை. எங்கள் அறைக்கு வந்து கேட்கிறார், எங்களிடம் இருப்பது கெட்டில். நாயனாரில் ஒருவரான அப்பூதியடிகள் திங்களூரில் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்குத் திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டினார். வெயிலில் வருவோர்க்குக் குளிர்ந்த நீர் தருவதை அறம் என்று பாடிய மொழியில் நின்றுகொண்டு, குளிர்ச்சியைச் சொகுசு என்று சொல்ல நமக்கு நா எழுவது எப்படி?

ஆகவே விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். பெட்டி எங்கள் அறைக்குள் வேண்டாம். தாழ்வாரத்தில், பூட்டின்றி இருக்கட்டும். காவலரும் துப்புரவுப் பணியாளரும் மாணவரும் திறந்து எடுக்கலாம். வடிகட்டிய நீரில் உறைந்த பனிக்கட்டித் தட்டு ஒன்று எப்போதும் அதில் இருக்க வேண்டும். சூடான தேநீர் விரும்புவோர் தாராளமாகக் குடிக்கட்டும். அதை நான் ஒருபோதும் பழிக்கவில்லை. அதையே அறமாக்கி, மற்றவர் தாகத்தின்மீது தீர்ப்பெழுத வேண்டாம் என்பதே என் வழக்கு.

கையொப்பமிட விரும்பும் நண்பர்கள் மேல்தளத்துக்கு வருக. உபசரிக்க இப்போதைக்கு எங்களிடம் சூடான தேநீர் மட்டுமே உண்டு.